ஹோஸ்டிஸ்: அந்நியனா, எதிரியா?

[திரையில்: பழைய ரோம், நீதிமன்றத்தின் முன் ஒரு சிறு கூட்டம்]

கோர்ட்டில் வாய்தா கேட்க என்ன காரணம் சொல்லலாம்? கி.மு. 450 வாக்கில் ரோமானியர் எழுதிய பன்னிரு பலகைச் சட்டத்தில் இதற்கு விடை உண்டு. கடும் நோய் வந்திருந்தால் வழக்கைத் தள்ளிவைக்கலாம். ஒரு 'ஹோஸ்டிஸ்' உடன் முன்பே நாள் குறித்திருந்தாலும் தள்ளிவைக்கலாம்.

லத்தீன் அகராதியைப் புரட்டினால் ஹோஸ்டிஸ் என்றால் எதிரி என்றுதான் முதலில் கண்ணில் படும். எதிரியோடு நாள் குறித்துக்கொண்டு அதைச் சொல்லி வாய்தாவா? எங்கேயோ இடிக்கிறது.

முடிச்சை அவிழ்ப்பவர் ரோமப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ. கி.மு. 44இல் தன் மகனுக்காக எழுதிய 'கடமைகள் பற்றி' என்ற நூலில், இப்போது நாம் வெளிநாட்டான் என்று சொல்பவனைத்தான் நம் முன்னோர் ஹோஸ்டிஸ் என்றார்கள் என்கிறார். ஆக, குறித்த நாள் என்பது வெளியூர்க்காரனோடு உள்ள வழக்குக்கான நாள்.

அதற்காக அவனை விருந்தாளி என்று நினைத்துவிட வேண்டாம். அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. ரோமக் குடிமகன் ஒரு நிலத்தை 2 வருடம் அனுபவித்தால் அது அவனுக்கே சொந்தமாகிவிடும். மற்ற பொருள்களுக்கு 1 வருடம் போதும். ஹோஸ்டிஸுக்கு மட்டும் இந்த வழி கிடையாது. எத்தனை காலம் வைத்திருந்தாலும் பொருள் பழைய உரிமையாளருடையதுதான். வழக்காடலாம், ஆனால் குடிமகனுக்கு உள்ளதெல்லாம் அவனுக்கு இல்லை.

[திரையில்: இரண்டாக உடைத்த சிறு வில்லை, பாதிகள் மெல்ல நெருங்குகின்றன]

விருந்தாளிக்கு லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்று தனிச்சொல். இதுவும் ஹோஸ்டிஸும் ஒரே வேரில் முளைத்தவை. நம் வாயில் புழங்கும் ஹோட்டலும் ஹாஸ்பிட்டலும் ஹோஸ்பெஸ் வழி வந்தவைதான். இரு குடும்பங்கள் நட்புக்கு அடையாளமாக ஆளுக்கொரு வில்லை, அதாவது ஒரு சிறு அடையாளத் துண்டு, வைத்துக்கொள்ளும். ரோம நாடகாசிரியர் பிளாட்டஸின் ஒரு நாடகத்தில் கார்த்தேஜ்காரர் ஹன்னோ அப்படி ஒரு வில்லையோடு வருகிறார். எதிரே நிற்கும் இளைஞன் வாங்கிப் பார்த்துவிட்டு, என் வீட்டில் இருப்பதோடு அப்படியே பொருந்துகிறது என்கிறான். கார்த்தேஜ் தளபதி ஹனிபாலோடு ரோம் நடத்திய போரைக் கண்ட தலைமுறைக்காக எழுதிய நாடகம் இது. கார்த்தேஜ் என்றாலே பல்லைக் கடித்திருப்பார்கள். அந்த மேடையில் ஒரு கார்த்தேஜ்காரர் விருந்தாளி! பிளாட்டஸுக்குத் துணிச்சல் அதிகம்.

சரி, பிறகு எதிரி என்ற பொருளே நிலைத்துவிட்டது. அதிலும் ஒரு கறார் உண்டு. சொந்தப் பகை உள்ளவன் 'இனிமீகஸ்'. ரோமோடு போரில் இருப்பவன் ஹோஸ்டிஸ். சட்ட அறிஞர் பொம்போனியஸ் எழுதியது இது: நாம் யார்மீது அரசமுறையில் போர் அறிவித்தோமோ, யார் நம்மீது அறிவித்தார்களோ, அவர்களே ஹோஸ்டிஸ்; மற்றவர்கள் கொள்ளையர். இது வெறும் சொல் விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் ஹோஸ்டிஸிடம் கைதியான ரோமன் சட்டப்படி அடிமை. கொள்ளையரிடம் சிக்கியவன் சங்கிலியில் கிடந்தாலும் சுதந்திர மனிதன்தான்.

[திரையில்: செனட் சபை]

அப்புறம் இந்தச் சொல்லைச் சொந்தக் குடிமகன்மீதே ஏவத் தொடங்கினார்கள். கி.மு. 88இல் தளபதி சுல்லாவின் பேச்சைக் கேட்டு, ரோமின் ஆட்சி மன்றமான செனட் சபை, அவருடைய போட்டியாளரான மாரியஸை ஹோஸ்டிஸ் ஆக்கியது. ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியை அதற்குள் ஆறு முறை வகித்துவிட்ட மனிதர் மாரியஸ்! சிசரோவும் சளைத்தவர் இல்லை. எதிரியைக்கூட 'அந்நியன்' என்று அழைத்த முன்னோரின் மென்மையைப் புகழ்ந்து எழுதிய கையோடு, தன் அரசியல் எதிரியான தளபதி மார்க் ஆண்டனியை ஹோஸ்டிஸ் என அறிவிக்கச் சொல்லி செனட்டில் முழங்கினார். கி.மு. 43இல் அறிவிப்பும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆண்டனியின் ஆட்கள் சிசரோவின் தலையை வெட்டினார்கள்.

கி.பி. 68இல் இது பேரரசன் நீரோவின் வாசலுக்கே வந்தது. தப்பியோடி ஒளிந்திருந்தபோது வந்த கடிதத்தைப் பிடுங்கிப் படிக்கிறான். செனட் தன்னை ஹோஸ்டிஸ் என்று தீர்மானித்துவிட்டது, முன்னோர் வழக்கப்படி தண்டிக்கத் தேடுகிறார்கள். அது என்ன தண்டனை என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்கிறான். ஆடையை உரிந்து, கழுத்தைக் கவைக்கட்டையில் மாட்டி, சாகும்வரை பிரம்பால் அடிப்பார்கள் என்று பதில் வருகிறது. இந்தக் காட்சியை எழுதிவைத்தவர் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். சற்று நேரத்தில் நீரோ தன் தொண்டையில் கத்தியைப் பாய்ச்சிக்கொண்டான்.

[திரையில்: இடைக்காலக் கையெழுத்துப் பிரதி]

இடைக்கால லத்தீன் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிறிஸ்தவ நூல்களில் ஹோஸ்டிஸ் சில இடங்களில் சாத்தானைக் குறிக்கும். இடைக்கால ஐரோப்பியப் பேரரசன் சார்லமேன் காலத்து ஆணைகளில் இன்னும் வேறு: அங்கே ஹோஸ்டிஸ் என்றால் படை. 'ஹோஸ்டிஸுக்குப் போகவேண்டும்' என்று ஓர் ஆணை சொன்னால், எதிரியிடம் ஓடிப்போ என்று படித்துவிடாதீர்கள். அரசனின் படையில் வந்து சேர் என்பதுதான் அதன் பொருள்.