சாயங்கால ஜூஸை விட்டுவிட வேண்டுமா?

அடுத்த கேள்வி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து. "எனக்கு சுகர் இல்லை, கூல்டிரிங்க்ஸ் எல்லாம் விட்டாச்சு, பதிலுக்கு வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரு பெரிய டம்ளர் சாத்துக்குடி ஜூஸ், உடம்புக்கு நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறார்.

கூல்டிரிங்க்ஸை விட்டது நல்ல காரியம். ஆனால் ஜூஸ் கடையில் அந்த டம்ளர் எப்படி நிரம்புகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள், மூன்று நான்கு பழம் பிழிவார், சக்கை கூடைக்குப் போகும், அப்புறம் ரெண்டு ஸ்பூன் சீனி, ஐஸ். அதே நான்கு பழத்தை உரித்துச் சுளை சுளையாகத் தின்றால் பாதியிலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும், ஜூஸாக இருந்தால் ரெண்டு நிமிஷத்தில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் பஜ்ஜியும் தின்பீர்கள். வயிற்றை நிறைக்கிற நார்ச்சத்துதான் கூடையில் கிடக்கிறதே!

இன்னொன்று, பழமாக இருக்கும்வரை அதன் இனிப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, பிழிந்துவிட்டால் உலக சுகாதார நிறுவனம் அதையும் சீனியோடுதான் சேர்க்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். சீனியே போடாத ஆரஞ்சு ஜூஸில் 200 மில்லிக்குச் சுமார் 17 கிராம் இருக்கும், மேலே ரெண்டு ஸ்பூன் போட்டால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்தது, காலையில் குடித்த காபி தனி.

பாக்கெட்டில் வரும் மாம்பழ பானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 10 சதவீதம் பழம் இருந்தாலே அப்படி விற்கலாம் என்பதுதான் நம்மூர் விதி.

அதற்காக ஜூஸே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜாங்கிரி தின்னும்போது உடம்புக்கு நல்லது என்று நினைத்தா தின்கிறோம்? ஜூஸையும் அந்த வரிசையில் வையுங்கள், அவ்வளவுதான். சில்வர் பீச் போனால் நானும் நன்னாரி சர்பத் குடிப்பேன், கணக்கெல்லாம் பார்ப்பதில்லை, ஆனால் தினமும் போவதில்லை.

தினமும் வேண்டும் என்றால் சின்ன டம்ளர், 150 மில்லி, வடிகட்டாமல், முடிந்தால் சாப்பாட்டோடு. அரை மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருக்காதீர்கள், பல்லுக்கு ஆகாது, குடித்ததும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அப்புறம், சீனி வேண்டாம் என்பதைப் பழத்தை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டம்ளர் கைக்கு வந்தபிறகு சொன்னால், "லைட்டாதான் சார் போட்டிருக்கேன்" என்பார்.