வாசனைக்குக் கொடுக்கும் காசு

நேயர்களுக்கு வணக்கம்.

விலை உயர்ந்த அழகுசாதனப் பொருள்களைப் பற்றி உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சென்ட்டுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். மனசுக்குப் பிடித்த ஒரு லிப்ஸ்டிக்குக்கும் கொடுக்கலாம். ஆனால் ஐயாயிரம், பத்தாயிரம் என்று விலை போட்ட முகக் கிரீமுக்குக் கொடுக்க எனக்குக் கை வராது.

கிரீம் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டப்பா எவ்வளவு கனமான கண்ணாடியாக இருந்தாலும், தோலை ஈரமாக வைத்திருக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் கிளிசரினும் அதன் சுற்றத்தாரும்தான். அவை மருந்துக் கடையில் நூறு, இருநூறு ரூபாய்க் குழாயிலும் இருக்கின்றன. முகச் சுருக்கத்துக்கு ஆதாரத்தோடு பேசக்கூடியவை இரண்டு: வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிரீன், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு. இரண்டுமே எளிய விலையில் கிடைக்கின்றன. லாங்கோமும் கார்னியரும் ஒரே லோரியல் குழுமத்தின் பிள்ளைகள் என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று பளிங்குத் தரை போட்ட கடையில் இருக்கிறது, இன்னொன்று தெருமுனை மளிகைக் கடையில் தொங்குகிறது. வாசனைக்கும் தடவும்போது கிடைக்கும் சுகத்துக்கும் விலை கொடுக்கிறேன் என்று தெரிந்து வாங்கினால் சரி. இளமை திரும்பும் என்று நம்பி வாங்காதீர்கள்.

லிப்ஸ்டிக் வேறு வகை. அது செய்வதாகச் சொல்வதை உடனே செய்துவிடுகிறது. நிறம் தருகிறேன் என்கிறது, தருகிறது. விலை கூடிய லிப்ஸ்டிக்கைக் கையில் எடுத்தால் உலோகக் கூட்டின் கனம் தெரியும். மூடும்போது காந்தம் இழுத்துக்கொண்டு ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே கைப்பையில் கைவிட்டுத் திறந்து மூடுகிற தோழி ஒருத்தி எனக்கு உண்டு. வெளிநாட்டுச் சாயங்களில் நமக்கிருந்த பெரிய குறை நிறம். உதட்டின் இயல்பு நிறம் என்று எழுதியிருப்பார்கள். வெள்ளைக்காரர் உதட்டுக்கு அது இயல்பாக இருக்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் போட்டால் திருநீறு பூசியது போல வெளுத்துக் கிடக்கும். 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி, முகப்பூச்சில் நாற்பது நிறங்களோடு சந்தைக்கு வந்தது. அடர்ந்த நிறக்காரர்களையும் வாடிக்கையாளர்களாக எண்ண வேண்டும் என்று அதன் பிறகுதான் மற்ற நிறுவனங்களும் சுறுசுறுப்பாக யோசிக்க ஆரம்பித்தன. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. கடைக்குப் போய், ‘உங்கள் நிறத்துக்கு எதுவும் இல்லை’ என்று கேட்டுத் திரும்பிய பெண்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம், சென்ட்.

எங்கள் வீடுகளில் அந்தக் காலத்து வாசனை என்றால் பாண்ட்ஸ் பவுடர், கோகுல் சாண்டல், விசேஷ நாளில் சந்தனம், கொஞ்சம் ஜவ்வாது, தலையில் பூ. சென்ட் என்பது வெளிநாட்டுச் சமாச்சாரம். துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ யாராவது லீவில் வந்தால், பெட்டி திறக்கும்போது கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே ஒரு புட்டி இருக்கும். இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். அந்தப் புட்டி பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு சொட்டு. பாதி தீர்வதற்குள் வாசனை கெட்டே போயிருக்கும்.

ஆனால் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நாம் நினைத்த அந்தப் புட்டிக்குள் நம் ஊர்ப் பூ இருக்கலாம். மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம், கோவைப் பக்கத்து மல்லிகை பல காலமாக உலகத்து வாசனைத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். பனிக்காலத்தில் வரத்து குறைந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். கோடையில் பூ கொட்டும்போது விலை விழுந்துவிடும். கட்டுப் பூவாக விற்க முடியாமல் மிஞ்சுவதை அங்கே எல்லோரும் சென்ட் ஃபேக்டரி என்று சொல்கிற ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன.

ஆலைக்குள் நடப்பது பொறுமையான வேலை. குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள். அது மாலையில்தான் வாய் திறக்கும். அதனால் காலையில் வந்த மொட்டைத் தரையில் பரப்பி, விரியும் வரை காத்திருப்பார்கள். விரிந்த பிறகுதான் அதன் முழு மணமும் வெளியே வரும். பிறகு துளையிட்ட தட்டுகளில் அடுக்கி, பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, ஹெக்சேன் என்கிற கரைப்பானால் கழுவுவார்கள். கரைப்பானை ஆவியாக்கிப் பிரித்தால் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும். அதைச் சாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை நீக்கினால் கடைசியில் அடர்ந்த பழுப்பு நிறத்தில் ஒரு திரவம். தொழிலில் அதற்கு அப்சொல்யூட் என்று பெயர். ஒரு கிலோ கிடைக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். ஒவ்வொரு மொட்டையும் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், இருட்டில் விரல் நுனியால் கிள்ளியிருக்கிறார். இதற்கு இதுவரை எந்த இயந்திரமும் கைகொடுக்கவில்லை.

சென்ட்டுக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதற்குள் உழைப்பு இருக்கிறது. நிலத்தில் ஒரு உழைப்பு, ஆலையில் ஒரு உழைப்பு, அதற்குப் பிறகு பல பத்து வாசனைகளை எடை பார்த்துச் சேர்க்கிற கலைஞரின் உழைப்பு.

இதில் எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. பிரான்சின் தெற்கே கிராஸ் என்று ஓர் ஊர். முன்பு தோல் பதனிடுவதற்குப் பேர்போனது. தோல் கையுறைகளின் நாற்றத்தை மறைக்க வாசனை ஏற்ற ஆரம்பித்து, கடைசியில் உலக வாசனைத் தொழிலுக்கே தலைநகரானது. 1921இல் எர்னஸ்ட் போ என்பவர் ஷனேல் என்கிற பாரிஸ் ஆடை நிறுவனத்துக்காகச் செய்துகொடுத்த ‘நம்பர் 5’, அந்த ஊர் மல்லிகையால் பெயர் பெற்றது. கிராஸின் வாசனைக் கைத்திறனை 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நியாயமான மரியாதைதான். மதுரை மல்லிக்கும் 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விளம்பரப் படங்களில் கிராஸின் பூந்தோட்டத்தைக் காட்டுவார்கள், ஊர் பேரைச் சொல்வார்கள். நம் பக்கம் வந்தால் ‘இந்திய மல்லி’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிலக்கோட்டை என்று அச்சடிக்க எத்தனை எழுத்து ஆகிவிடும்? புட்டியில் ஊர் பெயர் வந்தால் அந்த ஊர்ப் பூவுக்கு ஒரு மதிப்பு வரும், மதிப்பு வந்தால் விலை கேட்க ஒரு வாய் வரும். அதை நாம் கேட்க வேண்டும்.

மல்லிகை வாசனை என்று எழுதியிருக்கும் பல சென்ட்டுகள் நமக்கு ஏமாற்றமாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நமக்கு மல்லியின் முழு ஆயுளும் தெரியும். மாலையில் கட்டும்போது பச்சை வாசம். இரவில் தலையணையில் கனத்த மணம். மறுநாள் காலையில் சரத்தைக் கழற்றும்போது பழுப்பேறி, லேசாக அழுகலும் இனிப்புமாக ஒரு நெடி. அந்த நெடியில் இண்டோல் என்கிற பொருளுக்குப் பங்கு உண்டு. அளவாக இருந்தால் பூவுக்கு உயிர் கொடுக்கும். மிஞ்சினால் பாச்சா உருண்டை ஞாபகம் வந்துவிடும். பல நிறுவனங்கள் பயந்துகொண்டு இண்டோலைக் குறைத்துவிடுகின்றன. கிடைப்பது சோப்புப் போட்டுக் குளித்த மல்லி. தைரியமாக அந்த இரவு மணத்தை விட்டுவைத்த சென்ட்டை முகர்ந்த உடனே நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லவா? கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார். 1925இல் பாரிஸில் நடந்த பெரிய கலைக் கண்காட்சியில் வலம் வந்தது. முகலாயரின் ஷாலிமார் தோட்டத்தின் பெயர். மணிக்கட்டில் அடித்த உடனே எலுமிச்சைக் குடும்பத்துப் பெர்கமாட் பழத்தின் புளிப்பு மூக்கில் குத்தும். கூடவே தோல் பை மாதிரி, புகை மாதிரி ஏதோ ஒன்று. முதல் பத்து நிமிடம் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. கொஞ்சம் பொறுத்தால் புளிப்பு போய்விடும், புகை அடங்கும், அடியிலிருந்து வெனிலா மெல்ல மேலே வரும். ஐஸ்கிரீம் வெனிலா அல்ல, கொஞ்சம் கசப்பும் சாம்பிராணியும் கலந்தது. சாயங்காலம் புடவை மடிக்கும்போது முந்தானையில் இருக்கும் மிச்ச வாசனைதான் அதன் உச்சம். அதற்காகவே காலையில் அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

இதிலிருந்தே வாங்கும் முறையும் புரிந்திருக்கும். காகிதத் துண்டில் முகர்ந்துவிட்டு வாங்காதீர்கள். தோலில் போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்க வேண்டாம், அது பாட்டுக்குக் காயட்டும். ஒரு காபி சாப்பிடுங்கள், பஸ் ஏறி வீட்டுக்குப் போங்கள், சமையல் செய்யுங்கள். ராத்திரி அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். போட்ட உடனே வருகிற மேல் வாசனை நம் வெயிலில் சட்டென்று பறந்துவிடும். குளிர் நாட்டில் இதமாக இருக்கிற ‘ஊது’ என்கிற அகில் வாசனையும், அம்பர் என்கிற கனத்த இனிப்பு வாசனையும் சித்திரை மாத பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி கொடுக்கும். வெயில் காலத்துக்கு ஆரஞ்சுப் பூ, வெட்டிவேர் மாதிரி லேசானவை போதும். புட்டியைக் குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் அதற்கு எமன்.

விலைதான் பலரைத் தடுக்கிறது. ஒரு கணக்குப் போடுங்கள். ஐம்பது மில்லி புட்டி பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை அடித்தால் ஏறக்குறைய பூஜ்யம் புள்ளி ஒரு மில்லி செலவாகும். ஆக, ஐந்நூறு அடி. நாளைக்கு இரண்டு அடி என்றால் ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். ஒரு முழம் பூ வாங்குகிற காசுதான். அதுவும் அதிகம் என்றால், இரண்டு மில்லி, ஐந்து மில்லிச் சின்னக் குப்பிகளில் வாங்கலாம். இல்லையென்றால் திருவல்லிக்கேணிப் பக்கம் அத்தர் கடைகளுக்குப் போங்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் ஊரில் செப்புப் பாத்திரத்தில் வடித்த மண் அத்தரைக் கேளுங்கள். சுட்ட களிமண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கியது. முதல் மழை விழுந்த மண் வாசனையை உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டு முத்திரை இருந்தால்தான் ஆடம்பரம் என்று யார் சொன்னது?

இன்னொரு விஷயம், இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். அமெரிக்காவில் 1950கள் வரை சென்ட் என்பது பெரும்பாலும் கணவரோ காதலரோ வாங்கித் தருகிற பரிசு. விசேஷ நாளில் மட்டும் திறப்பது. எஸ்டே லாடர் என்கிற பெண்மணி 1953இல் ‘யூத் டியூ’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். குளிக்கிற தண்ணீரில் விடும் எண்ணெய் என்றுதான் விற்றார், ஆனால் சென்ட்டாகவும் போட்டுக்கொள்ளலாம். குளியல் சாமான் என்பதால் பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே வாங்கினார்கள். புட்டி புட்டியாகத் தீர்த்தார்கள்.

நம் பக்கம் அந்தக் கட்டு இன்னும் இறுக்கம். பெண்ணின் தலைப் பூவைக் கணவரின் ஆயுளோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். என் பெரியம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பூ என்றால் உயிர். பெரியப்பா காலமானதும் பூ நின்றது. அவராக நிறுத்தவில்லை, சுற்றி இருந்தவர்கள் நிறுத்தினார்கள். ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நாங்கள் எவ்வளவோ சொல்லியும், தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்கிற தயக்கம் அவரை விடவில்லை.

ஒருநாள் எனக்காகச் சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தோம். விற்பனைப் பெண் என்னிடம், “அம்மாவுக்கும் ஒண்ணு கிஃப்ட் வாங்குறீங்களா மேடம்?” என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பெரியம்மா, “கிஃப்ட் எல்லாம் வேணாம்மா. எனக்கு என்ன நல்லா இருக்கும்னு காட்டு” என்றார். மல்லி கலந்தது ஒன்று, ரோஜா ஒன்று, சந்தனம் ஒன்று. நிதானமாக முகர்ந்தார். கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, மதியச் சாப்பாடு முடித்து, மறுபடி முகர்ந்து பார்த்தார். நான் சொன்ன மல்லியை வேண்டாம் என்றுவிட்டார். சந்தனம்தான் வேண்டுமாம். திரும்பப் போய், விலை கேட்டு, ஒரு நிமிடம் யோசித்து, பர்ஸைத் திறந்தார். நான் கார்டை நீட்டியதற்கு, “நீ உன் வேலையைப் பாரு” என்று அதட்டல் வேறு.

இப்போது தினமும் குளித்துவிட்டு இரண்டு அடி. கோயிலுக்கும் போடுகிறார், ரேஷன் கடைக்கும் போடுகிறார். போன தையில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்கார அம்மாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, “என்னக்கா, பேரன் துபாய்லேருந்து கொண்டாந்தானா?” என்று விசாரித்தார்.

“இல்லை. பென்ஷன்ல நானே வாங்கினேன்” என்றார் பெரியம்மா.

நன்றி. வணக்கம்.