க்ரீலா இருக்கட்டும் (பட்டிமன்றத்துல நான் பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். நடுவர் ஐயாவுக்கும், எனக்கு முன்னாடி நல்லா பேசிட்டு போன எதிரணி அக்காவுக்கும், இந்த நேரம் வரைக்கும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்குற உங்களுக்கும். தலைப்பு தெரியும், "சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைகளை தூக்கிட்டு போகும் குளிர்கால பூதங்கள், காப்பாத்த வேண்டிய மரபா, கைவிட வேண்டிய மரபா?" ஐஸ்லாந்து நாட்டு க்ரீலாவை வச்சு பேச சொல்லியிருக்காங்க. நான் காப்பாத்தணும்ங்கற பக்கம்.

க்ரீலாவை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். மலைக்குகைல குடியிருக்குற ராட்சசி. 13ஆம் நூற்றாண்டு ஏடுகள்லயே அவ பேர் வருது, கிறிஸ்துமஸோட அவ ஒட்டிக்கிட்டது 17ஆம் நூற்றாண்டுல. டிசம்பர் வந்தா கீழ இறங்கி வந்து அடங்காத பிள்ளைங்கள மூட்டைல போட்டு தூக்கிட்டு போய் சமைச்சு தின்னுடுவா. அவளுக்கு 13 பசங்க, போதாததுக்கு ஒரு ராட்சச பூனை.

எதிரணி அக்கா மூணு பாயிண்ட் வச்சாங்க. 1746லயே அரசாங்கம் இதை தடை பண்ணிடுச்சு, அந்த பூனை ஏழைப் பிள்ளைங்கள தான் தின்னுது, குழந்தை மனசுல பயத்தை விதைக்கிறதே ஒரு வன்முறை.

முதல்ல அந்த 1746. அப்போ ஐஸ்லாந்து டென்மார்க் ராஜா கையில இருந்துச்சு. வீட்டு ஒழுக்கத்துக்குன்னு ஒரு ஆணை போட்டாங்க, அதுல க்ரீலாவோட பசங்கள சொல்லியும் ஆவிகள சொல்லியும் பிள்ளைங்கள மிரட்டுற முட்டாள்தனமான பழக்கம் அடியோட ஒழியணும்னு இருக்கு, இல்லைன்னு நான் சொல்லல. ஆனா அக்கா அந்த ஒரு வரியோட நிறுத்திட்டாங்களே, மிச்சத்தையும் படிக்கணும் இல்லையா? அதே ஆணை தான் பிள்ளை அடங்கலன்னா அடிச்சு திருத்துன்னு பெத்தவங்களுக்கு சொல்லுது. அதே ஆணை தான் வீட்டுல பிரயோஜனமில்லாத கதையும் பாட்டும் படிக்காதீங்கன்னு சொல்லுது. அதாவது கதை வேண்டாம், பிரம்பு இருக்கட்டும்! இதை குழந்தைகளோட உரிமைக்கு சாட்சியா கொண்டு வந்து நிறுத்தினா எப்படி ஒத்துக்க முடியும்? பெத்தவங்க பிள்ளைய அடிக்கவே கூடாதுன்னு ஐஸ்லாந்துல சட்டம் வந்தது 2003ல. பிரம்பு போயிடுச்சு, க்ரீலா இன்னும் இருக்கா. இருக்க வேண்டியது எது, போக வேண்டியது எதுன்னு அந்த ஊர் ஜனங்க சரியா தான் முடிவு பண்ணியிருக்காங்க.

இப்போ இந்த கதைய எந்த இடத்துல உட்கார்ந்து சொன்னாங்கன்னு கொஞ்சம் பாருங்க, ஏன்னா என் பக்கத்து நியாயமே அங்க தான் இருக்கு. புல்லும் மண்ணும் மூடின வீடு, மொத்த குடும்பமும் வேலையாளும் ஒரே நீள அறையில, சுவரோரமா வரிசையா கட்டில், ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர் படுக்கணும். டிசம்பர்ல தலைநகர் ரெய்க்யாவிக் பக்கம் பகல் வெளிச்சமே நாலு மணி நேரம் தான், வடக்க போனா அதுவும் குறையும். எண்ணெய் விளக்கை ஏத்தி வச்சுட்டு எல்லாரும் கம்பளி நூல் நூத்துக்கிட்டோ பின்னிக்கிட்டோ இருப்பாங்க, ஒருத்தர் மட்டும் சத்தமா கதையோ பாட்டோ சொல்லுவார். பிள்ளைங்க தனியா ஒரு ரூம்ல பயந்து நடுங்கிட்டு கேட்ட கதை இல்லைங்க இது, பாட்டியோட முழங்கால் இடிக்கிற தூரத்துல உட்கார்ந்து கேட்ட கதை.

அந்த பாட்டுகள்ல க்ரீலா என்ன பண்றான்னு பாருங்க. பிச்சைக்காரி மாதிரி வீடு வீடா வந்து, சொல் பேச்சு கேக்காத பிள்ளை இருந்தா கொடுங்கன்னு பெத்தவங்க கிட்ட கேக்குறா. கேட்டு தாங்க வாங்கணும்! வேற சாப்பாடு கொடுத்து அனுப்பிடலாம், இல்ல விரட்டி விட்டுடலாம். அப்போ வாசல்ல நின்னு பதில் சொல்ல வேண்டியது யாரு? அப்பா அம்மா. இவன் என் பிள்ளை, எவ்வளவு சேட்டை பண்ணாலும் உனக்கு கொடுக்க மாட்டேன்னு சொல்ல வேண்டிய பொறுப்பு அவங்களோடது. இந்த கதை பிள்ளைய மட்டும் கட்டிப் போடுதுன்னு நினைக்கிறீங்க, அது பெரியவங்களையும் சேர்த்து தான் கட்டிப் போடுது.

பயம் பயம்னு அக்கா சொன்னாங்க, சரி, ஒரு கணக்கு போடுவோம். அவளுக்கு 15 வால், ஒவ்வொரு வால்லயும் 100 பை, ஒவ்வொரு பையிலயும் 20 பிள்ளைங்கன்னு ஒரு நாட்டுப்பாட்டு இருக்கு. பெருக்கிப் பாருங்க, 30,000 பிள்ளைங்க. 1703ல ஐஸ்லாந்துல ஜனத்தொகை கணக்கு எடுத்தாங்க, கிழவன் கிழவி கைக்குழந்தை எல்லாம் சேர்த்தே 50,358 பேர் தான். நாட்டுல பாதிக்கு மேல அவ வால்ல தொங்கணும்! இதை கேக்குற பிள்ளை பயப்படுமா, இல்ல விரல் விட்டு எண்ணிட்டு அதெப்படி முடியும்னு மல்லுக்கு நிக்குமா? இவ்வளவு பெருசா ஊதிச் சொல்றப்பவே பிள்ளைக்கு அதை பிடிச்சு விளையாட இடம் விட்டுடறாங்க. இன்னொரு பழைய பாட்டுல க்ரீலா அலைஞ்சு அலைஞ்சு ஓய்ஞ்சு செத்தே போயிடறா.

அடுத்தது பூனை. கிறிஸ்துமஸுக்கு புதுத்துணி கிடைக்காதவங்கள அது தின்னுடும். அக்காவோட பாயிண்ட்லயே பலமானது இது தான், புதுத்துணி வாங்க முடியாத பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேட்டாங்க, கேக்க வேண்டிய கேள்வி தான். ஆனா அந்த நாட்டுல கம்பளி தாங்க வாழ்க்கை. இலையுதிர் காலத்துல கத்தரிச்ச கம்பளிய கிறிஸ்துமஸுக்குள்ள நூத்து நெய்து முடிக்கணும், உழைச்சவங்களுக்கு வீட்டு எஜமான் துணியோ காலுறையோ கொடுக்கணும். ஒரு ஜோடி காலுறை போதும், பூனை கிட்ட வராது. அப்போ ஒரு பிள்ளை பூனை வாயில போச்சுன்னா விரல் நீட்டி கேள்வி கேக்க வேண்டியது யாரை? கொடுக்காம விட்டவனை. யோகன்னஸ் ஊர் கோத்லும்னு ஒரு கவிஞர் 1932ல இந்த பூனையப் பத்தி பாட்டு எழுதினார், அந்த ஊர் பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. அவர் அதை பூனையோட முடிக்கல, எதுவுமே கிடைக்காத பிள்ளைங்க இன்னும் இருக்கலாம், உதவி தேவைப்படுற இடத்துல உதவுங்கன்னு கேட்டு முடிக்கிறார். ஏழைப் பிள்ளைய குத்திக்காட்டுற கதையா இருந்தா அவரால அதை இப்படி கொண்டு போய் முடிச்சிருக்க முடியாது.

அந்த 13 பசங்க திருடுறதையும் பாருங்க, எல்லாம் சாப்பாடு! ஒருத்தன் கரண்டி நக்குறவன், ஒருத்தன் பானை சுரண்டுறவன். ஒருத்தன் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருப்பான், மூடி போட்ட மரக்கிண்ணத்துல சாப்பிட்டுட்டு யாராவது கீழ வச்சா லபக்குன்னு எடுத்து நக்கிடுவான். இன்னொருத்தன் புகைக்கூண்டு வழியா நீளமா கொக்கிய விட்டு மேல தொங்குற ஆட்டுக்கறிய இழுத்துடுவான். பசி தெரிஞ்ச வீட்டுல பிறந்த கதைங்க இது, எனக்கு இதை படிக்கும்போது கோபம் வரல, அந்த வீட்டு ஜனங்க மேல பாசம் தான் வந்துச்சு. இன்னைக்கு அதே பசங்க டிசம்பர் 12ல இருந்து நாளுக்கு ஒருத்தரா வர்றாங்க, பிள்ளைங்க ஜன்னல்ல ஷூ வச்சுட்டு தூங்குது, நல்ல பிள்ளைக்கு சின்னதா பரிசு, சேட்டை பண்ணவனுக்கு ஒரு உருளைக்கிழங்கு. தின்னுடுவாங்கன்னு இருந்தது உருளைக்கிழங்குல வந்து நிக்குது, எந்த ராஜாவும் ஆணை போட்டு இது நடக்கல.

ஒண்ணு நான் ஒத்துக்கறேன். ஆஸ்திரியா பக்கம் டிசம்பர் 5 ராத்திரி கிராம்பஸ்ங்கற கொம்பு வச்ச பூதத்தோட வேஷம் கட்டிட்டு வர்றவங்கள்ல சிலர் நிஜமாவே மிலாறால கால்ல விளாசுறாங்கன்னு அக்கா சொன்னாங்க. அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். முகமூடி போட்டுக்கிட்டு அடிச்சாலும் அது அடி தான், அதை நிறுத்தணும். அடிக்கிற கைய நிறுத்துங்க, கதைய விட்டுடுங்க.

கடைசியா அக்கா என்னை பார்த்தே கேட்டாங்க, உங்க வீட்டு பிள்ளைக்கு இந்த கதைய சொல்லுவீங்களான்னு. சொல்லுவேன். லைட்டை அணைச்சுட்டு கதவ சாத்திட்டு போய் இல்ல, பக்கத்துல உட்கார்ந்து, அவ வாசல்ல வந்து நிக்கிறதையும் சொல்லுவேன், நான் எழுந்து போய் கொடுக்க முடியாது போன்னு சொல்றதையும் சேர்த்தே சொல்லுவேன். சாப்பிடலன்னா புடிச்சு கொடுத்துடுவேன்னு மட்டும் சொல்ல மாட்டேன், ஏன்னா அப்படி சொன்னா நான் க்ரீலா பக்கம் போய் நின்னுட்டேன்னு அர்த்தம். மணி அடிச்சுட்டாங்க, நடுவர் ஐயா தீர்ப்பை இந்த பக்கம் தரணும்னு கேட்டுக்கறேன். நன்றி, வணக்கம்.