ஐத்திகு எங்கள் அணியிலேயே இருக்கட்டும்

நடுவர் அவர்களுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். மணி அடிக்க ஆள் தயாராக நிற்கிறார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘விசுவாசியின் வாழ்வில் இன்று பெரிதும் குறைவுபடுவது ஊழியமா, இளைப்பாறுதலா?’ இளைப்பாறுதலே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் அருமையாகப் பேசினார். ‘ஒருவரும் கிரியை செய்யக்கூடாத இராக்காலம் வருகிறது’ என்று யோவான் 9-ஐ எடுத்தார். ‘சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போ’ என்று நீதிமொழிகளை எடுத்தார். அதோடு உட்கார்ந்திருந்தால் நான் வேறு பேச்சுப் பேசியிருப்பேன். போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்: ‘ஓய்வு ஓய்வு என்று கேட்கும் இந்த அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? ஐத்திகு! பவுல் பிரசங்கம் பண்ணும்போது தூங்கி விழுந்தவன்!’ அரங்கமே கைதட்டியது.

சரி, சகோதரரே. ஐத்திகுவை நாங்கள் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் இத்தனை பேர் முன்னால் அவன் பெயரை இழுத்துவிட்டீர்கள். அவன் வழக்கை ஒழுங்காக விசாரித்துவிடுவோம். வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரம், துரோவா பட்டணம்.

அன்று வாரத்தின் முதல்நாள். நமக்கு ஞாயிறு என்றால் விடுமுறை. அவனுக்கு? ரோமப் பேரரசில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கிப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டது கி.பி. 321-இல். ஐத்திகு விழுந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து! அவன் என்ன வேலை பார்த்தான் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் உழைத்துச் சாப்பிடுகிற எவனுக்கும் அது வேலை நாள். அந்த நாள் முடிந்து, பொழுது சாய்ந்து, அவன் வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை ஐயா, கூட்டத்துக்கு வந்தான்! இடம் கிடைக்கவில்லையோ என்னவோ, ஜன்னலில் உட்கார்ந்தான். மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிந்தன என்று லூக்கா எழுதுகிறார். எண்ணெய் விளக்கின் புகை, நெருக்கியடித்த கூட்டம், மூன்றாம் மெத்தை, அதாவது மூன்றாம் தளம். பவுலுக்கோ மறுநாள் பயணம், அதனால் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கத்தை நீட்டினார். பேசினது பவுல்! கேட்டது ஐத்திகு! எதிரணிச் சகோதரர் கால் மணி நேரம் பேசினதற்கே இரண்டாவது வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடினார்கள். தியானம் செய்தார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது இதுதான். ஒரு வாலிபன் சட்டென்று தூங்கி விழுவதில்லை. முதலில் கண் சொருகும். தலை ஒருமுறை ஆடும். திடுக்கிட்டு நிமிர்வான், பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பான், மறுபடியும் தலை சாயும். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லையா? ‘தம்பி, ஜன்னலை விட்டு இறங்கு. கீழே உட்காரு, இல்லை, அந்த மூலையில் போய்ப் படு’ என்று ஒருவர் தோளைத் தொட்டிருந்தால் போதும். எல்லாருடைய கண்ணும் பிரசங்கியார் மேல். ஜன்னலைப் பார்க்க ஆள் இல்லை. அவன் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவன் அங்கே இருந்ததே தெரிந்தது.

நம் சபைகளின் ஜன்னலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்த கையோடு பாடகர் குழுவுக்கு ஓடி, ஆராதனை முடிந்ததும் கணக்கு நோட்டைத் திறந்து, மாலையில் வாலிபர் கூட்டத்துக்குக் கதவு திறந்து, கடைசியில் விளக்கை அணைத்துப் பூட்டுகிறவர். ஒரே ஆள்! கமிட்டியில் புதிதாக ஒரு பொறுப்பு வந்தால் யார் பெயரைச் சொல்கிறோம்? ஏற்கெனவே நாலு பொறுப்பு சுமக்கிறவர் பெயரைத்தான். ‘அவர்கிட்ட கொடுத்திடுங்க, மாட்டேன்னு சொல்ல மாட்டார்.’ அவருக்கு நாம் தருகிற நற்சான்றிதழே இதுதான். அவருக்குக் கண் சொருகுவதை யாரும் பார்ப்பதில்லை. திடீரென்று ஒருநாள் அவர் சபைக்கு வருவதே நின்றுபோகும். ‘பின்வாங்கிப் போயிட்டார்’ என்கிறோம். அவர் பின்வாங்கவில்லை ஐயா, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்துவிட்டார்!

இப்போது பவுலைப் பாருங்கள், அவர் எதிரணியின் கதாநாயகன் அல்லவா? ‘என் பிரசங்கத்தில் தூங்குகிறாயா’ என்று ஒரு வார்த்தை? இல்லை. பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார். அவன்மேல் விழுந்து, அணைத்துக்கொண்டு, ‘கலங்காதிருங்கள்’ என்றார். களைத்தவனைக் கட்டிக்கொள்ள ஊழியத்தை நிறுத்தினவர் பவுல்! அப்புறம் விடியும்வரை பேசினார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்து வரும் வசனங்களையும் படியுங்கள். கூட இருந்தவர்களையெல்லாம் கப்பலில் அனுப்பிவிட்டு, ஆசோ பட்டணம் வரைக்கும் தாம் கால்நடையாய்ப் போனார். சுமார் 30 கிலோமீட்டர். ‘நடை ஒரு ஓய்வா?’ என்று எதிரணி கேட்கும். காரணத்தை வேதம் சொல்லவில்லை, நான் உணர்வதைச் சொல்கிறேன்: கேள்வி கேட்கவும், ஜெபிக்கச் சொல்லவும், கையைப் பிடித்து இழுக்கவும் ஆள் இல்லாத ஒரு பகல் அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். காலை தொடங்கிச் சாயங்காலமட்டும் தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்றவர் மாமனார் எத்திரோ. பிரித்துக் கொடும் என்றார், மோசேயும் கேட்டார். கர்மேல் மலையில் வென்ற எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டபோது வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார். தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். புது ஊழியம் அதற்குப் பிறகுதான்.

‘சற்றே இளைப்பாறும்படி வாருங்கள்’ என்று இயேசு சீஷரை அழைத்துப் போன இடத்துக்கும் கூட்டம் வந்துவிட்டதே, அவர் மனதுருகிப் போதித்து ஐயாயிரம் பேரைப் போஷித்தாரே என்று அடுத்து வருகிறவர் சொல்லப் போகிறார். நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்கு 6 அதோடு முடியவில்லை. சீஷரைப் படவில் ஏற்றி அனுப்பி, ஜனங்களைத் தாமே அனுப்பிவிட்டு, மலைக்கு ஏறித் தனியே ஜெபித்தார். கூட்டத்துக்கு மனதுருகத் தெரிந்தவருக்கு, அதை வீட்டுக்கு அனுப்பவும் தெரிந்திருந்தது. நமக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியவில்லை.

நடுவர் அவர்களே, வசனங்கள் போதும். எனக்குத் தெரிந்த ஒரு போதகர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வீடு சந்திப்புக்கு என்றைக்கு யார் வீடு, எத்தனை மணி, ஜெபக்குறிப்பு என்ன என்று கோடு போட்டு எழுதியிருப்பார். ஒருநாள் அதைத் திறந்தபோது அவர் எழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் எழுதியது. ‘வியாழன் 7 மணி. எங்கள் வீடு. ஜெபக்குறிப்பு: அப்பா எங்களோடு சாப்பிட வேண்டும்.’ அந்தப் பக்கத்தை அவர் எனக்குக் காட்டினார். ‘வியாழன்’ ஒருமுறை தப்பாகி, அடித்து, மறுபடி எழுதியிருந்தது. பெற்ற தகப்பனைப் பார்க்க அந்தப் பிள்ளை வரிசையில் நின்றிருக்கிறது ஐயா!

அந்தப் போதகர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனது வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அவருக்குப் போன் செய்தது யார்? நாளைக்கு வருகிறேன் என்றபோது முகம் சுளித்தது யார்? ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்’ என்றாரே ஆண்டவர், அந்த ‘எல்லாரும்’ என்பதில் போதகர் இல்லையா? அவர் மனைவி இல்லையா? அந்தப் பிள்ளை இல்லையா?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை அந்தப் பிள்ளையின் வியாழக்கிழமைக்குத் தாருங்கள். சபையாரே, கூட்டம் முடிந்து போகும்போது போதகர் ஐயாவிடம் ஜெபக்குறிப்பு கொடுக்குமுன், ‘ஐயா, சாப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள். வாசலுக்குப் போகிற வழியில், தனியாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் தம்பியிடம், ‘நீ வீட்டுக்குப் போப்பா, மீதியை நாங்கள் அடுக்குகிறோம்’ என்று சொல்லுங்கள். நன்றி.