சாயுற சீட்டா, சரியுற படுக்கையா, சமமான படுக்கையா? பட்ஜெட் பிசினஸ் கிளாஸ்ல சுசுகா ஃபார்முலா 1 பார்க்கப் போறது எப்படி

[திரையில்: மூணு விமான இருக்கைகளோட பக்கவாட்டுப் படம். ஒண்ணு பாதி சாய்ஞ்சிருக்கு, ஒண்ணு தரையைப் பார்த்துச் சரிஞ்சிருக்கு, ஒண்ணு மட்டமா இருக்கு.]

இந்த மூணு சீட்டையும் பட்ஜெட் விமானக் கம்பெனிகள் விக்குது. மூணையும் நம்ம ஊர்ல "பிசினஸ் கிளாஸ்"னு ஒரே பேர்லதான் சொல்றோம். ஆனா ராத்திரி ஆறரை மணி நேரம் அதுல கிடந்து, மறுநாள் காலையில ரயில் பிடிச்சு, குளிர்ல ஸ்டாண்டுல உட்கார்ந்து கார் பார்க்கணும்னா மூணும் ஒண்ணு இல்ல.

எடுத்துக்காட்டுக்கு ஃபார்முலா 1 கார் பந்தயத்துல ஜப்பான் சுற்றான ஜப்பான் கிராண்ட் பிரிக்ஸை எடுத்துக்கலாம். இடம் சுசுகா. ஹோண்டா தன் கார்களைச் சோதிக்கிறதுக்காகக் கட்டின தடம், திறந்தது 1962ல. ஃபார்முலா 1 அங்க வந்தது 1987ல. ஒரு சுற்று 5.807 கிலோமீட்டர், மொத்தம் 53 சுற்று. தடம் தன் மேலேயே பாலம் போட்டுக் கடந்து போற எட்டு வடிவம். முன்னெல்லாம் பந்தயம் அக்டோபர் வாக்கில இருக்கும். 2024லேர்ந்து வசந்த காலத்துக்கு மாத்திட்டாங்க. அதனால இப்ப செர்ரி பூ பார்க்க வர்ற கூட்டமும் பந்தயக் கூட்டமும் ஒரே வாரத்துல மோதுது. டிக்கெட்டும் ஹோட்டலும் சீக்கிரம் தீர்ந்துபோறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

[திரையில்: சென்னை, திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியா ஜப்பானுக்குக் கோடுகள்.]

தமிழ்நாட்டுலேர்ந்து போறவங்களுக்குக் கைக்கு எட்டுற வழி மூணு.

முதல் வழி ஸ்கூட். சென்னை, திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர் போய், அங்கேர்ந்து 787 விமானத்துல ஜப்பான். இவங்க பெரிய சீட்டுக்குப் பேரு ஸ்கூட்பிளஸ். இது படுக்கை இல்ல. முன் சீட்டுக்கும் உங்க சீட்டுக்கும் நடுவுல 38 அங்குலம் இடம் இருக்கிற, அகலமான, சாயுற சீட்டு. நல்ல ஏசி பஸ்ல வர்ற சாய்வு சீட்டை நினைச்சுக்கோங்க, அதுக்குக் கொஞ்சம் மேல. 30 கிலோ பெட்டியும் ஒரு சாப்பாடும் டிக்கெட்டோட வரும். இன்னொரு விஷயம்: ஒரு வரிசையில சீட்டு அடுக்கு 2-3-2, ரெண்டு நடைபாதைக்கு நடுவுல மூணு சீட்டு. அதாவது காசு கொடுத்து வாங்கின பெரிய கிளாஸ்லயும் நடு சீட்டுன்னு ஒண்ணு இருக்கு. சீட் நம்பரைப் பார்க்காம விட்டா ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்குவீங்க. சென்னை, திருச்சியிலேர்ந்து கிளம்பற விமானம் சின்னதா இருந்தா, அதுல இந்த சீட்டே கிடையாது. அப்ப ரெண்டாவது விமானத்துலதான் கிடைக்கும்.

ரெண்டாவது ஏர்ஏசியா எக்ஸ். கோலாலம்பூர்ல மாறி ஒசாக்காவோட கன்சாய் விமான நிலையத்துல இறங்கலாம். ஏ330 விமானத்துல முன்னாடி 12 சீட்டு, 2-2-2. பேரு பிரீமியம் ஃபிளாட்பெட். பேர்ல "ஃபிளாட்" இருக்கே தவிர, மட்டம் கிடையாது. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான்.

[திரையில்: சரிவுப் படுக்கையின் குறுக்குவெட்டு. தலைப் பக்கம் உயரம், கால் பக்கம் தாழ்வு. சரிவைக் காட்டும் அம்பு.]

பட்டனை அமுக்கினா சீட்டு ஒரே நேர்கோடா விரியும், அது உண்மை. ஆனா அந்தக் கோடு தரைக்கு இணையா இருக்காது. கால் பக்கம் இறங்கியிருக்கும். சாய்வுப் பலகையில படுத்த மாதிரி உடம்பு கொஞ்சம் கொஞ்சமா கீழ வழுக்கும். ஒரு மணி நேரத்துல பாதம் அடிப்பலகையில போய் முட்டும், முழங்கால் மடங்கும், தூக்கம் கலையும். திரும்ப மேல ஏறிப் படுப்பீங்க. மறுபடி வழுக்கும்.

இதுக்கு மூணு கைவைத்தியம் இருக்கு. ஒண்ணு, வழவழன்னு இருக்கிற நைலான் டிராக் பேன்ட் வேண்டாம், பருத்தித் துணி போடுங்க, பிடிமானம் கிடைக்கும். ரெண்டு, போர்வையைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில கொடுங்க. தொடை அதுல தாங்கி நிக்கும், பாரம் குதிகாலுக்குப் போகாது. மூணு, பக்கவாட்டுல ஒருக்களிச்சுப் படுங்க, மல்லாக்கப் படுத்தாதான் வழுக்கல் அதிகம். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேல தெரியற மாதிரி மாட்டுங்க. விமானம் குலுங்கி விளக்கு எரிஞ்சா, பெல்ட் போட்டிருக்கீங்களான்னு பார்க்க எழுப்ப மாட்டாங்க.

தனியா போறீங்கன்னா இந்த 2-2-2ல ஜன்னல் சீட்டு வாங்காதீங்க. பக்கத்துல இருக்கிறவர் நீட்டிப் படுத்துட்டா, பாத்ரூம் போக அவர் காலைத் தாண்டணும். நடு ஜோடியில எந்த சீட்டு எடுத்தாலும் உங்களுக்குன்னு ஒரு நடைபாதை இருக்கும், உங்களையும் யாரும் தாண்ட மாட்டாங்க.

மூணாவது ஜிப்ஏர். ஜப்பான் ஏர்லைன்ஸோட பட்ஜெட் கம்பெனி. சிங்கப்பூர், பாங்காக்லேர்ந்து டோக்கியோ நரிட்டாவுக்குப் பறக்குது. 787-8 விமானத்துல 290 சீட்டு, அதுல 18 ஃபுல் ஃபிளாட். இது நிஜமாவே 180 டிகிரி மட்டம். 1-2-1 அடுக்கு, எல்லாருக்கும் நடைபாதை. பெரிய விமானக் கம்பெனிகள் பிசினஸ் கிளாஸ்ல போடுற மாதிரி சீட்டேதான். ஆனா நீங்க வாங்கறது அந்தப் படுக்கையை மட்டும்னு வெச்சுக்கோங்க. முன்னாடி டிவி திரை கிடையாது, வைஃபை இலவசம். சாப்பாடு முன்கூட்டியே ஆர்டர் பண்ணணும். லவுஞ்ச் கிடையாது. கையில 7 கிலோவுக்கு மேல இருந்தாலோ, பெட்டி உள்ள போடணும்னாலோ தனிக் காசு. தலையணை, போர்வை உங்க கட்டணத்துல அடங்குதான்னு டிக்கெட் போடும்போதே பாருங்க. எப்படியும் ஒரு மெல்லிய சால்வை எடுத்துக்கிறது நல்லது.

இப்ப ஒரு சிக்கல். படுக்கை நல்லா ஆக ஆக, டிக்கெட் ஆபத்தாகும். ஸ்கூட்லயும் ஏர்ஏசியாலயும் ஊர்லேர்ந்து ஜப்பான் வரைக்கும் ஒரே புக்கிங்ல எடுக்கலாம். முதல் விமானம் லேட்டாகி ரெண்டாவதைத் தவறவிட்டா, அடுத்ததுல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. பெட்டியும் கடைசி ஊர் வரைக்கும் டேக் ஆகிடும். ஜிப்ஏர்ல அப்படி இல்ல. ஊர்லேர்ந்து சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ தனி டிக்கெட், அங்கேர்ந்து தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா, அந்தக் காசு போச்சு. சமாதானம் சொல்லக்கூட ஆள் இல்ல.

தனித்தனி டிக்கெட்னா நடுவுல இமிக்ரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, திரும்ப செக்-இன் பண்ணணும். சிங்கப்பூருக்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். இதை மறந்துட்டு சென்னை கவுன்டர்லேயே நின்னுபோறவங்க உண்டு. பாங்காக்ல வேற பொறி. சென்னையிலேர்ந்து போற சில விமானங்கள் டான் மியூயாங்ல இறங்கும், ஜிப்ஏர் கிளம்பறது சுவர்ணபூமியில. ஒரே ஊர், ரெண்டு விமான நிலையம், நடுவுல பாங்காக் டிராஃபிக். இந்த வழியில போறதா இருந்தா நடுவுல ஒரு ராத்திரி தங்கிடுங்க. அஞ்சு மணி நேர இடைவெளி போதும்னு கணக்குப் போடாதீங்க.

அப்ப எதை வாங்கலாம்? கணக்கு இப்படிப் போடுங்க. கோலாலம்பூர்லேர்ந்து ஒசாக்கா சுமாரா ஆறரை மணி நேரம். ஏறி விளக்கு அணைய முக்கால் மணி நேரம், இறங்கறதுக்கு முன்னாடி விளக்கு போட்டு சீட்டை நிமிர்த்த ஒரு மணி நேரம், நடுவுல சாப்பாடு. தூங்கக் கிடைக்கிறது நாலரை மணி நேரம். சாதா சீட்டுக்கும் இதுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நாலரையால வகுங்க. அதே காசுக்கு, சுசுகா போற வழியில இருக்கிற பெரிய ஊரான நகோயாவுல ஒரு நல்ல ஹோட்டல்ல ஒரு நாள் முன்னாடியே போய்த் தூங்க முடியுமான்னு பாருங்க. பகல் விமானம்னா கேள்வியே இல்ல, சாதா சீட்டு போதும். எங்க கருத்து: போகும்போது ராத்திரி விமானமா இருந்தா மட்டும் படுக்கை வாங்குங்க. முதல் தடவை போறவங்களுக்கு ஏர்ஏசியா எக்ஸ்தான் சரி. படுக்கை சுமார்தான், ஆனா ஒரே டிக்கெட். ஜிப்ஏர் சிங்கப்பூர்லேயே இருக்கிறவங்களுக்கு. அவங்களுக்கு அதைவிட நல்ல பேரம் கிடைக்கிறது கஷ்டம்.

[திரையில்: ஜப்பான் வரைபடம். கன்சாய், நம்பா, ட்சு, ஷிரோக்கோ, நகோயா.]

இறங்கின பிறகு? சுசுகாவுக்குப் பக்கத்துல இருக்கிற முக்கியமான ஸ்டேஷன் ஷிரோக்கோ, கின்டெட்சு தனியார் ரயில்ல. பந்தய நாட்கள்ல அங்கேர்ந்து சர்க்யூட்டுக்கு பஸ் விடுவாங்க. கன்சாய்ல இறங்கினா நன்காய் ரயில்ல ஒசாக்காவோட நம்பா ஸ்டேஷன் வரைக்கும் முக்கால் மணி நேரம். அங்கேர்ந்து கின்டெட்சு லிமிடெட் எக்ஸ்பிரஸ், சிலது ஷிரோக்கோல நிக்கும், இல்லேன்னா ட்சுவுல மாறணும். நம்பாவுலேர்ந்து ரெண்டு மணி நேரம்னு வெச்சுக்கோங்க. நரிட்டாவுல இறங்கினா டோக்கியோ வந்து, ஷின்கான்சென் புல்லட் ரயில்ல நகோயா ஒண்ணே முக்கால் மணி நேரம், அப்புறம் கின்டெட்சு. நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டினா 160 சென்டிமீட்டரைத் தாண்டுற பெட்டி இருந்தா, ஷின்கான்சென்ல அதுக்கு இடம் இருக்கிற சீட்டை முன்பதிவு பண்ணியாகணும்.

லிமிடெட் எக்ஸ்பிரஸுக்கு சாதாக் கட்டணம் போக இன்னொரு டிக்கெட் வேணும். கின்டெட்சு அதை ஒரு மாசம் முன்னாடி ஆன்லைன்ல திறக்கும். பந்தய வாரத்துக்கு அது காலியாகிடும், அன்னைக்கே எடுத்துடுங்க. அது கிடைக்கலேன்னா சாதா எக்ஸ்பிரஸ்ல நின்னுக்கிட்டே போகலாம், நகோயாவுலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ளதான். இனோன்னு இன்னொரு ஸ்டேஷன் சர்க்யூட்டுக்கு நடக்கிற தூரத்துல இருக்கு. ஆனா அது இசே ரயில்வே தடத்துல. ஜப்பான் ரயில் பாஸ் வெச்சிருந்தாலும் அந்தத் துண்டுக்கு மட்டும் தனியாக் காசு கட்டணும். பேப்பர் டிக்கெட்டாவே எடுத்துக்கோங்க.

காகிதங்களும் ஒரு வார்த்தை. ஜப்பானுக்கு இந்தியர்களுக்கு விசா வேணும். இ-விசாவா கிடைச்சா, அதை இன்டர்நெட்ல நேரடியாத் திறந்துதான் காட்டணும், ஸ்கிரீன்ஷாட்டோ பிரின்ட்டோ செல்லாது. ஃபோன்ல டேட்டா இல்லாம கவுன்டருக்குப் போகாதீங்க. இமிக்ரேஷன், சுங்கம் ரெண்டுக்கும் விசிட் ஜப்பான் வெப்ங்கிற அரசு இணையதளத்துல விவரம் போட்டு க்யூஆர் எடுத்து வெச்சுக்கோங்க. மட்டன் ஊறுகாய், சிக்கன் தொக்கு, கறிவேப்பிலைக் கொத்து எதுவும் பெட்டியில வேண்டாம். இறைச்சி எந்த வடிவத்துலயும் கூடாது, பச்சை இலைக்குச் சான்றிதழ் கேப்பாங்க. புளியோதரைப் பொடி, பருப்புப் பொடியோட நிறுத்திக்கோங்க.

சுசுகாவுல வசந்த காலத்துக் காலைக் குளிரை நம்மாளுங்க குறைச்சு மதிப்பிடுவாங்க. வெயில் அடிக்கும், ஆனா ஸ்டாண்டுல காத்து அறுக்கும். காத்து புகாத ஜாக்கெட் ஒண்ணு, மழைக்கோட்டு ஒண்ணு. குடை எடுத்துட்டுப் போய்ப் பிரயோஜனம் இல்ல. பின்னால இருக்கிறவருக்கு மறைக்கும்னு ஸ்டாண்டுல விரிக்க விட மாட்டாங்க.

[திரையில்: ஞாயிற்றுக்கிழமைக் கடிகாரம். 14:00, 15:30, 16:30, 18:00, 19:00, 22:00.]

கடைசியா, டிக்கெட் போடும்போது அதிகம் பேர் பண்ற தப்பு: ஞாயிறு ராத்திரித் திரும்பற விமானம். பந்தயம் மதியம் ரெண்டு மணிக்குத் தொடங்கும். எல்லாம் ஒழுங்கா நடந்தா மூணரை வாக்கில முடியும். ஜெயிச்சவங்க பரிசு மேடை ஏறறதைப் பார்த்து வெளியே வர நாலரை. பஸ் வரிசை ஒரு மணி நேரம் சாதாரணம், ஷிரோக்கோ வரும்போது ஆறு. நகோயா ஏழு. நரிட்டா போய்ச் சேரும்போது மணி பத்து, கவுன்டர் மூடியிருக்கும். அதுவும் மழை வராம இருந்தா. 2022ல மழையால ரெண்டு மணி நேரத்துக்கு மேல பந்தயத்தை நிறுத்தி வெச்சாங்க, கடைசியில 28 சுற்றுதான் ஓடிச்சு. அன்னைக்கு ராத்திரி விமானம் பிடிக்க நினைச்சிருந்தா, ஒண்ணு பந்தயத்தை விட்டிருக்கணும், இல்ல விமானத்தை. திங்கள் மதியத்துக்கு அப்புறம் கிளம்பற மாதிரி போடுங்க.

பஸ் வரிசையில நிக்கப் பொறுமை இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. சர்க்யூட்லேர்ந்து சுமாரா மூணு கிலோமீட்டர், நாப்பது நிமிஷ நடையில ஹிராட்டாசோ ஸ்டேஷன். கின்டெட்சுவோட சின்னக் கிளைத் தடம். அங்க ஏறி இசே-வாகமட்சுவுல மாறினா நகோயா போற தடம் வந்துடும். ஊர்க்காரங்க கூட்டமா அந்தப் பக்கம் நடந்துபோறதைப் பார்ப்பீங்க, அவங்க பின்னாடியே போனா வழி தவறாது. நல்ல ஷூ போட்டிருங்க, கால் சார்ஜ் தீர்ந்திருக்கும்.