சைனஸும் சைனும்: கொடைக்கானலிலிருந்து

வணக்கம். குரல் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் குளிர் என் சைனஸுக்கு ஆவதே இல்லை. பின்னால் மங்கலாகத் தெரிவது சூரிய ஆய்வகம். மூடுபனி விலகும்வரை வெளியில் நிற்க வேண்டியதுதான். அதற்குள் ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிடலாம்.

மூக்கைப் படுத்தும் இந்த சைனஸும் பள்ளியில் முக்கோணவியலில் படித்த சைனும் ஒரே லத்தீன் சொல். மடிப்பு, குழிவு, விரிகுடா என்றெல்லாம் அதற்குப் பொருள். மூக்கைச் சுற்றிய எலும்பில் குழிவு இருக்கிறது, சரி. முக்கோணத்தில் எங்கே குழிவு?

இல்லவே இல்லை. 499இல் ஆரியபட்டர் கால் வட்டத்தை 24 பங்காக்கி 'அர்த்த ஜ்யா' அளவுகளுக்கு வழி சொன்னார். அர்த்த ஜ்யா என்றால் அரை நாண்; இன்றைய சைனின் மூலம் அதுதான். வில்லில் கட்டும் அதே நாண். பிறகு 'அர்த்த' உதிர்ந்து ஜ்யா, ஜீவா என்றே வழங்கியது. அரபு அறிஞர்கள் அதன் பொருளைப் பெயர்க்காமல் ஒலியையே தழுவி 'ஜீபா' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அரபு எழுத்தில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் இடுவதில்லை. அதையே 'ஜைப்' என்றும் படிக்கலாம். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு, சட்டைப்பை. நம் ஜேப்படித் திருடன் கைவைக்கும் ஜேப்பும் அதுதான்! 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்பு என்றே கொண்டு 'சைனஸ்' என்று எழுதிவிட்டார்கள். நாண் பைக்குள் போனது இப்படித்தான்.

என் ஆதங்கம் வேறு. தமிழ்ப் பாடநூலில் வட்டத்துக்கு 'வில்', 'நாண்' என்று அருமையான சொற்கள் இருக்கின்றன. முக்கோணவியல் வந்ததும் சைன் என்பது எதிர்ப்பக்கத்தின் கீழ் கர்ணம் என்று மனப்பாடம் தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் உறவுண்டு என்று எனக்கு வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. ஆரம் 1 உள்ள வட்டம் வரையுங்கள். மையத்தில் 60 பாகை தாங்கும் நாணின் நீளமும் 1தான். சமபக்க முக்கோணம் ஆயிற்றே. மையத்திலிருந்து ஒரு கோடு இழுத்து நாணை இரண்டாகப் பிரித்தால் கோணமும் பாதியாகும். சைன் 30 பாகை ஏன் அரை என்பது இவ்வளவுதான்! கொசைன் என்னவென்று கேட்பீர்கள். நிரப்புக் கோணத்தின், அதாவது 90 பாகைக்கு மீதியுள்ள கோணத்தின் சைன், வேறொன்றுமில்லை.

இதைச் சொல்ல இந்த இடத்துக்கு ஏன் வந்தேன்? 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளியை, ஆராய்ந்தார். ஒளி தரும் வாயு நம்மை நெருங்கினாலோ விலகினாலோ அதிலுள்ள கோடுகள் இடம் பெயரும். புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருந்தால் அந்த நிறமாலைக் கோடுகளில் இடப்பெயர்ச்சி தெரியவில்லை. விளிம்புப் பக்கம் இருந்தால் தெரிந்தது. புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு சூரியப் பரப்பை ஒட்டி வெளிநோக்கி ஓடுகிறது. நடுவில் அது நம் பார்வைக்குக் குறுக்கே ஓடுவதால் நெருங்குவதும் விலகுவதும் இல்லை. புள்ளி நடுவிலிருந்து விலகிய கோணத்தின் சைனால் வேகத்தைப் பெருக்கினால், நம் பார்வைக் கோட்டில் அமையும் பங்கு கிடைக்கும். நடுவில் கோணம் 0, சைனும் 0.

பனி விலகுகிறது. உள்ளே ஒளிப்பதிவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.