பகல்ல படுக்கையில தூங்குற வாத்தியம்! டௌலண்ட் வாசிக்க எந்த லூட் வாங்கணும்?

[திரையில்: கலைஞ்சு கிடக்கிற ஒரு படுக்கை. போர்வைக்கு அடியில பேரிக்காய் வடிவத்துல ஏதோ ஒண்ணு.]

வாத்தியத்தை வாசிச்சு முடிச்சதும் எங்க வைப்பீங்க? பெட்டியில வைப்பீங்க, இல்ல சுவத்துல மாட்டுவீங்க. 1676ல தாமஸ் மேஸ்னு ஒருத்தர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில பாடகரா இருந்தவர், ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதுல லூட்ங்கிற பழைய நரம்பு வாத்தியம் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு யோசனை சொல்றார்: பகல்ல லூட்டைக் கீழ வைக்கணும்னா படுக்கைக்குள்ள வைங்க. அதுவும் தினமும் ஆள் படுத்து எழுந்திருக்கிற படுக்கையா இருக்கணும். மேல்கம்பளத்துக்கும் போர்வைக்கும் நடுவுல வைக்கணும், விரிப்புக்குள்ள மட்டும் வைக்கவே கூடாது, அதுல வியர்வை ஈரம் இருக்கும்.

காரணமும் அவரே சொல்றார். நரம்பு அறாது, பசை ஒட்டு விடாது, சுதி சேர்க்கிற சிரமம் குறையும், நாதமும் மங்காது. மனுஷ உடம்போட கதகதப்பு தங்கின இடம்தானே வீட்டுலயே ஈரம் கம்மியான இடம்!

இந்தப் படுக்கைக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் அவர் எழுதியிருக்கார். அதைக் கடைசியில சொல்றேன், கண்டிப்பா இருந்து கேளுங்க. இப்போதைக்கு இதை மட்டும் மனசுல வைங்க: லூட் ரொம்ப ரொம்ப மென்மையான வாத்தியம். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் பக்கம்தான். பின்னாடி இருக்கிற குடம், மெல்லிசு மெல்லிசா வளைச்ச மரக்கீற்றுகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது. மொத்தமா ஒரு கிலோகூட வராது. கிட்டார் வாசிச்சுப் பழகினவங்க முதல் தடவை கையில வாங்கும்போது, பெட்டிக்குள்ள எதையோ விட்டுட்டோமோன்னு தோணும்.

வணக்கம் நண்பர்களே. ஜான் டௌலண்ட், ஜான் ஜான்சன், பிரான்சிஸ் கட்டிங், ஆண்டனி ஹோல்போர்ன், லூட்டுக்கு எழுதின இந்தப் பழைய இங்கிலாந்து இசையமைப்பாளர்களோட இசையெல்லாம் கேட்டு மயங்கி, "நானும் வாசிக்கணும், எந்த லூட் வாங்குறது?"ன்னு கேக்கறவங்களுக்கான வீடியோ இது. இணையத்துல தேடினா 6, 7, 8, 10, 13னு எண்ணா வரும், தலை சுத்தும். இன்னைக்கு அதைத் தெளிவாக்கிடுவோம்.

பின்னணி ஒரே மூச்சுல. "ஊத்"ங்கிற அரபு நரம்புக் கருவி ஐரோப்பாவுக்குப் போய் லூட் ஆச்சு. 15ஆம் நூற்றாண்டு கடைசியில மீட்டுகோலை வச்சுட்டு விரலால வாசிக்க ஆரம்பிச்சாங்க. எட்டாம் ஹென்றி அரண்மனையில பிலிப் வான் வில்டர் வாசிச்சார். முதலாம் எலிசபெத் தானே லூட் வாசிக்கிற மாதிரி ஹில்லியார்ட் வரைஞ்ச சின்ன ஓவியம் இருக்கு. டௌலண்ட் காலம் 1563ல இருந்து 1626 வரைக்கும். போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஹோல்பைனோட "தூதர்கள்" ஓவியம், லூட் பக்கம் மெல்ல நெருங்குது.]

லூட்ல நரம்புகள் ஜோடி ஜோடியா இருக்கும். ஒரு ஜோடிக்கு "கோர்ஸ்"னு பேரு. உச்ச சுருதியில ஒலிக்கிற முதல் நரம்பு மட்டும் பெரும்பாலும் ஒத்தை. விளம்பரத்துல "7 கோர்ஸ்"னு போட்டிருந்தா ஏழு ஜோடின்னு அர்த்தம். 1533ல வரைஞ்ச இந்த ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. இதுல இருக்கிறது 6 ஜோடி லூட். 1580கள் வரைக்கும் அதுதான் வழக்கம். அப்புறம் அடியில ஏழாவது ஜோடி வந்துச்சு. 1600ஐ ஒட்டி எட்டு, ஒன்பது ஆச்சு. அதுக்கு அடுத்த பத்து இருபது வருஷத்துல பத்தும் ஆச்சு.

அப்ப பத்து ஜோடி வாங்கிட்டா எல்லாத்தையும் வாசிச்சிடலாமேன்னு தோணும். இந்த ஆசையிலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஒவ்வொரு ஜோடியும் கூடக்கூடக் கழுத்து அகலமாகும், இடது கை விரல் எட்டாம திணறும், மேல்பலகை மேல இழுவை ஏறும், சுதி சேர்க்கிற நேரமும் கூடும். வாசிக்கவே போகாத நாலு ஜோடிக்காக, தினமும் வாசிக்கிற ஆறு ஜோடியை ஏன் கஷ்டப்படுத்தணும்? ஜான் ஜான்சன் 1594ல இறந்துட்டார். அவர் இசைக்கு 6 ஜோடியே போதும். டௌலண்ட் எழுதினதுலயும் பெரும்பகுதி ஆறு, ஏழுக்குள்ள அடங்கிடும். டேனியல் பேச்சலரோட பிற்காலப் படைப்புகள் மாதிரி கொஞ்சம்தான் ஒன்பது பத்துன்னு கேக்கும்.

இனிமே வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். லூட்டோட நீளம், அதாவது நரம்பு அதிர்ற நீளம்! கடைக்காரங்க சுலபமா ஏமாத்திடுறதும், நாம கவனிக்காம விடுறதும் இதைத்தான்.

அந்த ஓவியத்தை இன்னொரு தடவை பாருங்க. ஒரு நரம்பு அறுந்து தொங்குது, தெரியுதா? அது ஒற்றுமை குலைஞ்சதுக்கு அடையாளம்னு பலரும் விளக்கம் சொல்றாங்க, இருக்கட்டும். ஆனா நரம்பு அறுறதுங்கிறது லூட்காரங்களுக்கு தினசரி கவலை. அந்தக் காலத்து நரம்பு ஆட்டுக்குடல்ல முறுக்கினது. நாம யாழ் காலத்துல இருந்து நரம்புக் கருவின்னு சொல்லிட்டு வர்றோமே, இங்க அந்த வார்த்தை அச்சு அசலாப் பொருந்துது.

1603ல தாமஸ் ராபின்சன் எழுதின பாடப் புத்தகத்துல சுதி சேர்க்க வழி சொல்றார். இசைக்கவை, கருவி எதுவும் வேண்டாம். முதல் நரம்பை, அறுந்துடுமோங்கிற பயம் வர்ற அளவுக்கு ஏத்து. அங்கிருந்து மத்ததைச் சேர்த்துக்கோ. அவ்வளவுதான்!

கேக்க மேம்போக்கா இருக்கு, ஆனா இதுக்குள்ள அருமையான பௌதிகம் இருக்கு. ஒரு நரம்பு எந்த சுருதியில அறும்ங்கிறது அதோட தடிமனைப் பொறுத்தது இல்லை! தடியான நரம்புக்கு பலம் அதிகம், சரி. ஆனா எடையும் அதே விகிதத்துல அதிகம், அதனால அதே சுருதிக்கு இழுவையும் அதே விகிதத்துல கூட வேணும். ரெண்டும் கழிஞ்சு போயிடுது. மிச்சம் இருக்கிறது ரெண்டே விஷயம்: நரம்பு எதுல செஞ்சது, நீளம் எவ்வளவு. மெல்லிசு போட்டாலும் தடிச்சது போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் அறும். முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தப்ப நான் நம்பவே இல்லை, மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இதை வச்சு லூட் வாங்கலாம். நரம்போட நீளத்தை மீட்டர்ல எடுங்க, சுருதியை ஹெர்ட்ஸ்ல எடுங்க, பெருக்குங்க. குடல் நரம்புக்கு 240க்குள்ள வந்தா நிம்மதி. 260 பக்கம் போனா அறும். இன்னைக்கு நாம லூட்டை "ஜி"ங்கிற மேற்கத்திய ஸ்வரத்துல சேர்க்கிறோம், அதாவது முதல் நரம்பு 392 ஹெர்ட்ஸ். 60 சென்டிமீட்டர் லூட்டுக்கு 235 வரும். அருமை! அதே சுருதியை 67 சென்டிமீட்டர் லூட்ல வச்சா 263. டப்புன்னு போயிடும். அந்தப் பெரிய லூட்டை ஒரு முழு ஸ்வரம் இறக்கி 349 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தா மறுபடி 234. பாத்தீங்களா? ராபின்சன் சொன்ன "பயம் வர்ற அளவு" இதுதான்.

அதனால "பழைய மாடல், சத்தம் பெரிசா வரும்"னு யாராவது 67 சென்டிமீட்டர் காட்டினா உடனே தலையாட்டாதீங்க. நீங்க யாரோட சேர்ந்து வாசிக்கப் போறீங்க? தற்கால சுருதியில பாடுறவங்களுக்குப் பக்கவாத்தியமா வாசிக்கணும்னா 58ல இருந்து 60 சென்டிமீட்டர்தான் சரி. தனியா வாசிப்பீங்க, கையும் பெரிசுன்னா, நீளமானதை எடுத்துச் சுருதியை இறக்கி வாசிங்க. அதோட ஆழமான நாதம் கொள்ளை அழகு.

அப்ப கேக்கலாம், ஏன் இவ்வளவு உச்சியில சேர்க்கணும், கொஞ்சம் தளர்த்தி வச்சா என்ன? கீழ்நரம்புகள்தான் காரணம். அதே நீளத்துல ஏழாவது ஜோடி முதல் நரம்பை விட அஞ்சு மடங்குக்கும் மேல தாழ்வான சுருதியில ஒலிக்கணும். முதல் நரம்பு 0.42 மில்லிமீட்டர்னா, அதே இழுவைக்கு ஏழாவது நரம்பு வெறும் குடல்ல 2.2 மில்லிமீட்டர் தடிமன் வேணும். கயிறு மாதிரி! மொத்து மொத்துன்னு ஒலிக்கும். அதனால மொத்த வாத்தியத்தையும் எவ்வளவு மேல ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்திக்கிட்டாங்க.

இன்னொரு வழியும் வச்சிருந்தாங்க. கீழ் ஜோடிகள்ல தடிச்ச நரம்புக்குப் பக்கத்துல, ஒரு ஸ்தாயி மேல ஒலிக்கிற மெல்லிய நரம்பைப் போடுறது. அது மினுமினுன்னு ஒரு வெளிச்சம் குடுக்கும். 1610ல மகன் ராபர்ட் வெளியிட்ட புத்தகத்துல ஜான் டௌலண்ட் இதைக் குறை சொல்றார்: இந்தப் பழக்கம் வேற எங்கயும் விட இங்கிலாந்துலதான் அதிகம், கத்தறிஞ்சவங்க இதை விட்டுட்டாங்கன்னு. என் கருத்து இது: ஜான்சன், கட்டிங் வாசிக்கும்போது ஸ்தாயி ஜோடி போடுங்க. அவங்க காலத்துல நாட்டுல இருந்த ஒலி அதுதான். பிற்கால டௌலண்டுக்கு ரெண்டு நரம்பையும் ஒரே சுருதியில வைங்க, அவர் பேச்சைக் கேப்போம்.

ஒரு எச்சரிக்கை. இப்ப வர்ற லூட்டுகள்ல கீழ் நரம்பு உலோகக் கம்பி சுத்தினதா இருக்கும். கம்பி சுத்தின நரம்பு இங்கிலாந்துல 1660கள்லதான் தலைகாட்டுது. டௌலண்ட் இறந்து நாற்பது வருஷம் கழிச்சு! அது ரொம்ப நேரம் கணீர்னு நீடிக்கும், மேல ஓடுற மெல்லிய குரல்களை மூழ்கடிச்சிடும். குடல் நரம்பு விலை கட்டாதுன்னா, குடலைப் போலவே ஒலிக்கிற செயற்கை நரம்பு கிடைக்குது. அதைப் போடுங்க, காசு வீண் போகாது.

மெட்டுகள், அதாவது விரல் அழுத்துற இடத்தைப் பிரிக்கிற குறுக்குக் கட்டுகள், அது பத்தி ஒரு வரி: கழுத்துல குடல் நரம்பால கட்டினதா இருக்கணும், உலோகம் பதிச்சதுன்னா வேண்டாம். 1950கள்ல கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீம் வாசிச்ச லூட் உலோக மெட்டு வச்சு கனமாக் கட்டினது. டௌலண்டை உலகமே கேட்க வச்ச மனுஷன் அவர், அந்த நன்றி என்னைக்கும் உண்டு. ஆனா அந்த ஒலியைத் தேடி வாங்கினா கிட்டாரோட அண்ணன்தான் கிடைப்பான்.

[திரையில்: 7 ஜோடி லூட், கழுத்தோட நெருக்கக் காட்சி.]

சரி, என் தேர்வு. 7 ஜோடி, 60 சென்டிமீட்டர், ஜி சுருதி. ஏழாவதை "டி"ல வைங்க. "எஃப்" வேணும்னா அதே ஜோடியில மூணாவது மெட்டை அழுத்துங்க, வந்துடும். ரெண்டும் திறந்த நரம்பா வேணும்னு நினைக்கறவங்க 8 ஜோடி வாங்கட்டும், தப்பே இல்லை. 10 வேண்டாம். குடத்துக்கு எந்த மாதிரின்னு செய்றவர் கேட்டா, வெண்டேலியோ வெனெரே 1582ல செஞ்ச லூட்டைச் சொல்லுங்க. அது வியன்னா அருங்காட்சியகத்துல இருக்கு, இன்னைக்கும் பல பேர் அதைப் பார்த்துதான் செய்றாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி செலவே இல்லாம ஒரு சோதனை. வீட்டுல கிட்டார் இருக்கா? மூணாவது தந்தியை அரை ஸ்வரம் இறக்குங்க, மூணாவது மெட்டுல கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் ஒண்ணா அழுத்துற கவ்வி, போடுங்க. 6 ஜோடி லூட்டோட சுதி வந்துடும். டௌலண்டோட டேப்லேச்சரை, அதாவது விரல் வைக்கிற இடத்தைக் காட்டுற குறிப்பை, அப்படியே வாசிக்கலாம். ஆறு கோடு, அதுல எழுத்து. "ஏ"ன்னா திறந்த நரம்பு, "பி"ன்னா முதல் மெட்டு. ஒரு மாசம் வாசிங்க. அப்பவும் ஆசை குறையலேன்னா, பிரிட்டன்ல இருக்கறவங்களுக்கு லூட் சொசைட்டி வாடகைக்கே லூட் தர்றாங்க. 1956ல இருந்து இருக்கிற சங்கம் அது. எடுத்துப் பாருங்க, என்ன தோணுச்சுன்னு கமெண்ட்ல கண்டிப்பா எழுதுங்க, ஒவ்வொண்ணையும் படிப்பேன்.

அந்தப் பின்குறிப்பு. படுக்கையில வைக்கச் சொன்ன மேஸ் அடுத்து எழுதறார்: லூட் உள்ள இருக்கும்போது யோசனை இல்லாம யாரும் அந்தப் படுக்கையில தொப்புன்னு விழுந்துடாமப் பாத்துக்கோங்க. இப்படியே பல நல்ல லூட்டுகள் பாழானது எனக்குத் தெரியும்.